சாமித் துண்டு

இதை எனக்கு முதலில் சொன்னது பாப்பாத்திதான், அம்மிணி. என் பையன் வேலை செய்கிற பால் கம்பெனி கேண்டீனில் டீ போடுகிறவள். மாசி மாதம், சிவராத்திரி முடிந்த மூன்றாம் நாள், செவ்வாய்க்கிழமை. காலை பதினோரு மணி இருக்கும், ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. "அக்கா, பதறாதீங்க. யுவராசு கண்ணுல காஸ்டிக் அடிச்சிருச்சு. பூபதி மோட்டாரப் போட்டுட்டான்" என்றாள். அதற்குமேல் அவள் என்ன சொன்னாள் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. பூபதி மோட்டாரைப் போட்டுவிட்டான். அந்த ஒரு வார்த்தைதான் காதில் நின்றது. இந்த ஐந்து மாதமாக அதைத்தான் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

கண்ணைக் கசக்காதீர்கள் அம்மிணி. இந்த அம்மன் கோயிலுக்கு முதல் தடவை வருகிறவர்கள் எல்லாரும் அதைத்தான் செய்கிறார்கள். கெடுத்தவனைத் தண்டிக்கச் சொல்லி முன்னால் இருபது பேர் அம்மனுக்கு மிளகாய் அரைக்கும்போது நெடி வரத்தான் செய்யும். முந்தானையை நனைத்து மூக்கில் வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் நாத்தனாருக்குத் துணையாக வந்தவர்கள்தானே, உங்கள் கையில் காரம் இல்லை, பயமில்லை. காரமோ காஸ்டிக்கோ, கண்ணில் எது பட்டாலும் கசக்கவே கூடாது. ஓடுகிற தண்ணீரில் கண்ணைத் திறந்து பிடித்துக் கழுவிக்கொண்டே இருக்க வேண்டும். அரை மணி நேரம். நாம் கத்தினாலும் விடக்கூடாது. கோயமுத்தூர் கண் ஆஸ்பத்திரி டாக்டர் அம்மா எனக்குச் சொல்லிக்கொடுத்தது. எட்டாவது படித்தவள் நான், இன்றைக்குக் கண்ணைப் பற்றி எதைக் கேட்டாலும் சொல்வேன்.

நான் யாருக்கும் கெட்டது நினைக்கிறவள் இல்லை. எங்கள் வீதியில் கேட்டுப் பாருங்கள். சுவரில் ஓடுகிற பல்லியைக்கூட அட்டையில் ஏந்தி வெளியில் விட்டுவிட்டு வருவேன். செவ்வாய் வெள்ளி விளக்கு, சஷ்டிக்கு விரதம், வருஷம் தவறாமல் தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடை. பெண் இரண்டையும் கட்டிக்கொடுத்தாயிற்று, மூத்தவள் உடுமலையில், சின்னவள் தாராபுரத்தில். கடைசி யுவராஜ். இவனுக்கும் ஒரு வழி பிறந்துவிட்டால் போதும் என்றுதான் இந்த வருஷமும் பழனிக்கு நடந்தேன். கால் இரண்டும் கொப்புளம். மலையில் ஒரு காவித் துண்டு வாங்கி, குருக்கள் கையில் கொடுத்து, சாமி பாதத்தில் வைத்து வாங்கிக்கொண்டு வந்தேன். இதோ, தோளில் கிடக்கிறதே, இதுதான் அது.

அந்த மோட்டார் கதை சொல்கிறேன், அப்போதுதான் உங்களுக்கு அந்தப் பூபதி யார் என்று புரியும்.

பால் போகிற குழாயை ஒவ்வொரு நாளும் கழுவ வேண்டும் அம்மிணி. வெறும் தண்ணீரில் போகாது, உள்ளே கொழுப்பு ஒட்டியிருக்கும். காஸ்டிக் சோடாவைக் கொதிக்கிற தண்ணீரில் கலந்து மோட்டார் வைத்துக் குழாய்க்குள் ஓட்டுவார்கள். கையில் பட்டால் சோப்பு மாதிரி வழவழ என்று இருக்குமாம், கொஞ்ச நேரத்தில் தோல் தனியாக வந்துவிடுமாம். நடுவில் மோட்டாரை நிறுத்திவிட்டு, குழாயும் குழாயும் சேர்கிற இடத்தைக் கழற்றி, ரப்பர் வளையத்தைத் தேய்த்துத் திரும்பப் போட வேண்டும். அது என் பையன் வேலை. மோட்டார் சுவிட்சு சுவருக்கு அந்தப் பக்கம். அது பூபதி வேலை. இவன் நிற்பது அவனுக்குத் தெரியாது, அவன் நிற்பது இவனுக்குத் தெரியாது.

அதனால் அவர்களுக்குள் ஒரு பழக்கம் வைத்திருந்தார்கள். குழாயில் கை வைக்கப் போகிறவன் தன் துண்டைக் கொண்டுபோய் அந்தச் சுவிட்சுப் பெட்டியின் கைப்பிடியில் தொங்கவிட்டுவிட்டு வருவான். துண்டு தொங்கினால் மோட்டாரைப் போடக்கூடாது. யார் துண்டோ அவனே வந்துதான் எடுக்க வேண்டும், இன்னொருத்தன் கை வைக்கக்கூடாது. முதலாளியே வந்தாலும் தொடமாட்டார் என்று பெருமையாகச் சொல்வான் யுவராஜ். அவனுடையது ரோஸ் கலரில் கட்டம் போட்ட துண்டு. "பொம்பளப் புள்ள துண்டு" என்று பூபதி கேலி செய்வானாம். அதற்கு இவன், "உங்க துண்டு நாத்தத்துக்கு மோட்டாரே ஓட மாட்டேங்குதுங்ணா" என்பானாம். அப்படி ஒட்டு உறவாகத்தான் இருந்தார்கள். என் கையால் எத்தனை நாள் சாப்பிட்டிருப்பான் அந்தப் பூபதி. பொங்கலுக்குப் பொண்டாட்டியையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வந்து எங்கள் வீட்டில் கரும்பு கடித்தவன்.

அந்த ரோஸ் துண்டு நைந்துபோயிருந்தது. பழனியிலிருந்து வந்த மறுநாளே நான் அதைக் கிழித்து அடுப்படியில் பாத்திரம் இறக்கப் பிடிதுணியாகப் போட்டுவிட்டேன். சாமித் துண்டை அவன் கழுத்தில் போட்டு, திருநீறு பூசி, சொல்லித்தான் அனுப்பினேன். "இது சாமி பாதத்துல வச்சது கண்ணு. கண்ட எடத்துல தொங்க விடாதே. கழுத்த விட்டு எறக்காதே. இது உன்னக் காப்பாத்தும்" என்றேன். தலையாட்டிவிட்டுப் போனான். இந்தக் காலத்தில் இருபத்தெட்டு வயதில் அம்மா சொல்லைத் தட்டாத பிள்ளை எங்கே இருக்கிறது, சொல்லுங்கள். அன்றையிலிருந்து ஒரு நாள்கூட அவன் அதைக் கழுத்திலிருந்து இறக்கவில்லை. பாப்பாத்தியே சொன்னாள். துண்டு தொங்கவிடாமல் எப்படிச் சமாளித்தாய் தம்பி என்று அப்புறம் கேட்டேன். கை வைக்கும் முன்னால் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று, "கை வைக்கிறேனுங்ணா" என்று சத்தம் போடுவேன், அவர் "சரி" என்பார் என்றான். பதினைந்து நாள் அப்படியே போயிருக்கிறது. ஒரு குறையும் இல்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை வெளியில் டேங்கர் லாரியிலிருந்து பால் இறக்கிக்கொண்டிருந்தார்களாம். ஒரே இரைச்சல். இவன் சத்தம் போட்டிருக்கிறான். அவனும் சரி என்று சொன்ன மாதிரி இவனுக்கு இருந்திருக்கிறது. அவனுக்கோ ஒன்றுமே கேட்கவில்லையாம். பெட்டியைப் பார்த்தானாம், துண்டு இல்லையாம், போட்டுவிட்டானாம்.

துண்டு இல்லையாம். இதுதான் அவன் சொல்கிற நியாயம்.

நான் கேட்கிறேன், துண்டு இல்லை என்றால் ஒரு மனுஷன் எட்டிப் பார்க்கமாட்டானா? நாலு எட்டு வைத்தால் சுவர் முடிந்துவிடுகிறது. அவனுக்குக் கால் இல்லையா? அவனுக்குக் கண் இல்லையா? என் பையன் கழுத்தில் சாமித் துண்டு போட்டுக்கொண்டு பதினைந்து நாளாக வருகிறானே, அதைப் பார்த்தவன்தானே அவன்? இன்றைக்குக் கை வைக்கிறானோ என்னமோ என்று தோன்ற வேண்டாமா?

கழற்றி வைத்த குழாயிலிருந்து கொதிக்கக் கொதிக்க முகத்தில் அடித்திருக்கிறது. சாமி புண்ணியத்தில் கழுத்துக்குக் கீழே ஒன்றும் ஆகவில்லை, துண்டு தாங்கிக்கொண்டது. பாருங்கள், இந்த ஓரத்தில் சாயம் வெளுத்திருக்கிறதா? அதுதான். கண்ணுக்குப் போடுகிற கண்ணாடி ஒன்றே ஒன்று இருந்ததாம், அதுவும் மேனேஜர் ரூமில் ஆணியில். போட்டால் ஆவியில் மூடிக்கொள்ளும், எதிரில் ஒன்றும் தெரியாது, அதனால் யாரும் எடுப்பதில்லை. கண் கழுவவென்று ஒரு தொட்டி கட்டியிருக்கிறார்கள், அதில் தண்ணீர் வந்து ஒரு வருஷம் ஆகிறதாம். பால் டிரேயை அடுக்கி வைத்திருந்தார்களாம். சுவிட்சுக்குப் பூட்டுப் போடுகிற மாதிரி ஒன்று இருக்கிறதாம், அதைக் கேட்டு மூன்று வருஷமாக எழுதிக் கொடுத்ததே பூபதிதானாம். இதெல்லாம் பாப்பாத்தி சொல்வது. பெரிய இடத்து விஷயம், நமக்கு எதற்கு?

முதலாளியை ஒரு குறை சொல்லமாட்டேன். ஆஸ்பத்திரிக்கே வந்தார் அம்மிணி. பழக்கூடையோடு வந்தார். என்னைப் பார்த்து இரண்டு கையும் கூப்பி, "அம்மா" என்றார். அவ்வளவு பெரிய மனுஷன். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அந்தப் பூபதி என்ன செய்தான் தெரியுமா? இவன் துடிக்கிறான், பக்கத்தில் இருந்தவர்கள் பால் ஊற்றுங்கள், பால் ஊற்றினால் குளிர்ச்சி என்று கேனைத் தூக்கிக்கொண்டு ஓடி வருகிறார்கள். அவர்களை எட்டித் தள்ளிவிட்டு, என் பிள்ளையின் பிடரியைப் பிடித்து, லாரி கழுவுகிற தண்ணீர்க் குழாய்க்கடியில் அமுக்கியிருக்கிறான். கண்ணை விரலால் பிதுக்கிப் பிடித்துக்கொண்டு விடவே இல்லையாம். இவன் அலறுகிறான், விடுங்கண்ணா விடுங்கண்ணா என்று கையைக் கடித்தே வைத்துவிட்டானாம். ரத்தம் வந்தும் விடவில்லையாம். ஆம்புலன்ஸ் வந்து நிற்கிறது, இன்னும் பத்து நிமிஷம் என்று சொல்லி அதையும் நிறுத்தி வைத்தானாம். எப்படிப்பட்ட கல்நெஞ்சு பாருங்கள். வலியில் துடிக்கிற பிள்ளையை வண்டியில் ஏற்றாமல்.

வலது கண் போய்விட்டது. கருவிழி வெந்து, பால் மாதிரி வெளுத்துவிட்டது. இடது கண் பாதிக்கு மேல் தெரிகிறது. டாக்டர் அம்மா சொன்னார்கள், யாரோ நன்றாகக் கழுவியிருக்கிறார்கள், இல்லாவிட்டால் இரண்டுமே போயிருக்கும் என்று. நான் அங்கேயே மேற்கே பார்த்துக் கும்பிட்டேன். பழனி மலை இருக்கும் திசை மேற்கோ கிழக்கோ, கும்பிட்டேன். இந்தத் துண்டு காப்பாற்றியது என்று எனக்குத் தெரியும்.

வரிசை நகர்கிறது, வாருங்கள்.

நாலாம் நாள் வீட்டு வாசலுக்கு வந்தான் பூபதி. கேட்டுக்கு வெளியில் நின்றான், உள்ளே வரவில்லை. கையில் கட்டுப் போட்டிருந்தான், என் பிள்ளை கடித்த இடம். அழுதான். ஆம்பளை அழுதால் எனக்கு மனசு இளகிவிடும், அன்றைக்கு இளகவில்லை. "என் கண்ண எடுத்து வைக்க முடியும்ன்னா வைக்கச் சொல்லுங்கம்மா" என்றான்.

நான் சத்தமே போடவில்லை அம்மிணி. மெதுவாகத்தான் சொன்னேன். "எடுத்துக்கறேன். டாக்டர் எதுக்கு? அம்மன்கிட்டச் சொல்லி நானே எடுத்துக்கறேன்."

கதவைச் சாத்தினேன். இந்த ஐந்து மாதத்தில் அன்றைக்கு ஒரு நாள்தான் நிம்மதியாகத் தூங்கினேன்.

அப்புறம் கம்பெனியிலிருந்து மேனேஜர் ஒரு காகிதம் கொண்டு வந்தார். என்ன நடந்தது என்று விசாரிக்க ஆபீசர்கள் வருவார்களாம், அதற்கு முன்னால் வீட்டாரும் ஒரு வார்த்தை எழுதிக் கொடுத்தால் நல்லதாம். எல்லாம் டைப் அடித்தே கொண்டு வந்திருந்தார். பூபதியின் கவனக்குறைவால் நடந்தது, கம்பெனி மேல் எங்களுக்கு எந்தக் குறையும் இல்லை என்று. யுவராஜ் உள்ளே கட்டுப் போட்டுப் படுத்திருந்தான், படிக்க முடியாது. நான் படித்துப் பார்த்தேன். நானே எழுதியிருந்தால்கூட அவ்வளவு சரியாக எழுதியிருக்கமாட்டேன். மேனேஜர் பேனா கொடுக்கும்முன் சாமி மாடத்திலிருந்து என் பேனாவை எடுத்து வந்து கையெழுத்துப் போட்டேன். அடியில் ஒரு வரி நானாகவும் சேர்த்தேன், அவனுக்கு என் பையன் மேல் பொறாமை உண்டு என்று. இருந்திருக்கும். சின்ன வயசு, எல்லாருக்கும் பிடித்த பையன்.

அடுத்த வாரமே பூபதிக்கு வேலை போய்விட்டது. இப்போது தேங்காய் மண்டியில் மூட்டை தூக்குகிறான். அவன் பொண்டாட்டி சந்தையில் என்னைப் பார்த்து, "அம்மா, நீங்களுமா?" என்றாள். நான் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். நிமிரவே இல்லை. சொத்தை இல்லாததாகப் பார்த்து அரைக் கிலோ வாங்கிக்கொண்டு வந்தேன்.

போதாது அம்மிணி. வேலை போனால் இன்னொரு வேலை. கண் போனால் என்ன செய்வான்? அது தெரிய வேண்டும் அவனுக்கு. காலையில் எழுந்து டம்ளரை எடுக்கக் கை நீட்டினால் டம்ளர் இரண்டு விரற்கடை தள்ளி இருக்கும். என் பிள்ளை தினமும் அப்படித்தான் தடவி எடுக்கிறான். அவனும் தடவ வேண்டும். அவன் மகள் தலை வாரி நிற்கும்போது பொட்டு எங்கே இருக்கிறது என்று தெரியாமல் பார்க்க வேண்டும். நான் தினம் விளக்கேற்றி வைத்துவிட்டு இதைத்தான் கேட்கிறேன். நெய் விளக்குதான். கெட்ட எண்ணெயில் ஏற்றுவதில்லை.

என் பையன் இருக்கிறானே, அவன்தான் புரியாத பிள்ளை. காகித விஷயம் அவனுக்குத் தெரிந்துவிட்டது. கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. அன்றையிலிருந்து என்னிடம் சோறு கேட்பதில்லை, போட்டால் சாப்பிடுகிறான். ஞாயிற்றுக்கிழமை ஆனால் பூபதி முக்கு ரோட்டில் வண்டியோடு வந்து நிற்கிறான், இவன் அவன் பின்னால் உட்கார்ந்து கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போகிறான். அவன் பின்னால். தோளைப் பிடித்துக்கொண்டு. நான் ஜன்னலில் நின்று பார்க்கிறேன். ஒரு நாள் கேட்டேவிட்டேன், உன் கண்ணைக் குருடாக்கினவன் வண்டியில் ஏற உனக்கு எப்படி மனசு வருகிறது என்று.

"அவரு மேல தப்பு இல்லம்மா. துண்டு தொங்கல. அவ்வளவுதான்" என்றான்.

"யாரு தொங்கவிடல?" என்றேன் நான். கோபத்தில்தான் கேட்டேன்.

அவன் என்னைப் பார்த்தான். அந்த இடது கண்ணால், தலையைக் கொஞ்சம் சாய்த்து, இப்போதெல்லாம் அப்படித்தான் பார்க்கிறான். "நான்தான்" என்றான். எழுந்து போய், பையிலிருந்து இந்தத் துண்டை எடுத்து வந்து என் மடியில் வைத்தான். "நீயே வச்சுக்கம்மா" என்றான்.

துவைப்பதற்குக் கொடுத்திருப்பான். துவைத்து மடித்து அவன் கட்டிலில் வைத்தேன். மறுநாள் திரும்ப என் மணைப் பலகை மேல் இருந்தது. அப்படி மூன்று தடவை. சாமித் துண்டை அங்கேயும் இங்கேயும் போட்டு அலைக்கழிக்கக்கூடாது என்று நானே போட்டுக்கொண்டேன்.

போன வெள்ளிக்கிழமையே நான் அரைத்திருக்க வேண்டும். ஒரு மணி நேரம் நின்று கல்லுக்குப் பக்கத்திலேயே போய்விட்டேன். அங்கே ஓர் அம்மா உட்கார்ந்து வேண்டுதலுக்கு வார்த்தை எடுத்துக் கொடுக்கிறதே, பச்சைச் சேலை, அது என்னைப் பார்த்து, "பேரச் சொல்லாதீங்கம்மா. நடந்ததச் சொல்லுங்க போதும். இதுக்குக் காரணம் யாரோ அவங்கள நீயே பாத்துக்கன்னு அம்மன்கிட்ட விட்டுருங்க. அவளுக்குத் தெரியும்" என்றது. அதுதான் இந்தக் கல்லுக்கு வழக்கமாம். பேர் சொன்னால் தண்டனை ஆள் மாறிப் போய்விடும் என்பார்களாம்.

எனக்கு அப்போது நெடி தலைக்கேறிவிட்டது. பஸ்ஸுக்கும் நேரமாகிவிட்டது. வந்துவிட்டேன்.

வீட்டுக்குப் போய் யோசித்தேன். இதென்ன வழக்கம்? யாரோ என்று பொதுவாக விட்டால் அம்மனுக்கு எத்தனை வேலை, எத்தனை பேர் மிளகாய், அவள் எதைப் பார்ப்பாள்? ஆள் யார் என்று தெரிந்த பிறகு பேரை ஏன் மறைக்க வேண்டும்? பூபதி, அப்பன் பேர் நாச்சிமுத்து, தேங்காய் மண்டிக்குப் பின் வீதி. எல்லாம் சொல்ல வேண்டும். பொதுவாக விடவே கூடாது. அது சரியில்லை அம்மிணி. எனக்கு அது சரியாகப் படவில்லை.

இன்று காலை நான் மிளகாயைக் கட்டும்போது யுவராஜ் வாசற்படியில் உட்கார்ந்திருந்தான். எங்கே போகிறேன் என்று கேட்கவில்லை, மிளகாய் வாசனையிலேயே தெரிந்திருக்கும். பஸ் வருகிற சத்தம் கேட்டது. "போறதுன்னா போ. அம்மன்கிட்ட முழுசாச் சொல்லும்மா" என்றான்.

முழுசா என்றால் என்ன? நான் எதை மறைத்தேன்? உங்களிடமே ஒன்று விடாமல் சொல்லிவிட்டேனே. ஏதாவது விட்டேனா, நீங்களே சொல்லுங்கள். ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? கண் கலங்கியிருக்கிறது உங்களுக்கு. நெடிதான். கசக்காதீர்கள்.

அதோ, உங்கள் நாத்தனார் எழுந்துவிட்டார்கள். அடுத்தது நான். பச்சைச் சேலை அந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, அதற்குள் பேரைச் சொல்லி அரைத்துவிடுவேன். வாய்க்குள் சொன்னாலும் அம்மனுக்குக் கேட்காமல் போகாது.

அம்மிணி, எனக்கு ஒரே ஓர் உதவி. இந்தத் துண்டைக் கொஞ்சம் வைத்திருங்கள், காரம் பட்டுவிடும். கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். அந்த வரிசைக் கம்பியில் மட்டும் போட்டுவிடாதீர்கள். சாமித் துண்டு, எங்கேயும் தொங்கவிடக் கூடாது.